மறு: மறு: 'போர்ட்டேஜ்' – வியாழனுக்குள் ஒரு சொல் வேணும்

ம. (ரொறன்ரோ)

எல்லோருக்கும் வணக்கம். ஒன்ராறியோவின் அல்கோன்குயின் பூங்காவுக்கு வள்ளப் பயணம் போகிற பள்ளிப் பிள்ளையளின் பெற்றோருக்கு எட்டுப் பக்கக் கையேடு ஒன்று தமிழில் போகுது. வியாழன் அச்சு. தூண்டில், கூடாரம், உயிர்காப்பு அங்கி எல்லாம் எழுதியாச்சு. ஒரு சொல்லில் மட்டும் நிற்கிறேன்: போர்ட்டேஜ்.

ஒரு ஏரியின் கரைக்கு வந்து, வள்ளத்தையும் மூட்டையளையும் தோளில் ஏற்றி, காட்டுக்குள்ளால் நடந்து அடுத்த ஏரியில் இறக்குவது. செயலுக்கும் அதுதான் பெயர், அந்தப் பாதைக்கும் அதுதான் பெயர். கையேட்டில் 31 இடத்தில் வருகுது. 'படகைச் சுமந்து செல்லும் பாதை' என்று 31 தரம் எழுத ஏலாது.

செ. (கோவை)

போர்ட்டேஜ் என்றே போடுங்கள். பிள்ளைகள் வீட்டில் அதைத்தான் சொல்லப்போகிறார்கள். கட்டுமரத்தை வெள்ளைக்காரன் கேட்டமரான் ஆக்கிக்கொண்டு கூச்சமில்லாமல் இருக்கிறான். நமக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு? கயாக், கெவ்லார் (வள்ளம் செய்யும் லேசான செயற்கை இழை) இரண்டையும் அப்படியேதானே எழுதப்போகிறீர்கள்?

இரா. (மதுரை)

அன்புடையீர், கயாக் இனூயிட் மக்களின் கலத்துக்கு அவர்களே இட்ட பெயர். அதைத் தொட வேண்டியதில்லை. போர்ட்டேஜ் அப்படி ஒரு கலத்தின் பெயர் அன்று. சுமத்தல் என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்த தொழிற்பெயர். வினைக்குத் தமிழில் பஞ்சமா? 'கலச்சுமப்பு' என்க. கலம் என்பது ஓடம், பஃறி, திமில், அம்பி, வங்கம், நாவாய் அனைத்துக்கும் பொது. பட்டினப்பாலையில் உப்புக்கு மாற்றாக நெல் ஏற்றி வந்த பஃறிகளைப் பந்தியில் குதிரைகளைக் கட்டுவதுபோலக் கட்டிவைத்திருப்பர். 'பஃறிச்சுமப்பு' என்றும் ஆளலாம். ஆய்தம் இப்படிப்பட்ட இடங்களில்தான் உயிர் பிழைக்கும்.

தா. (நாகர்கோவில்)

ஐயா, பஃறியைப் பதினைந்து வயசுப் பிள்ளை தோளில் தூக்காது. நெல்லேற்றின படகு அது. ம. அக்கா எழுதின வள்ளமே சரி, எங்கள் கரையிலும் அதே சொல்தான். முன்மூக்குக்கு அணியம் என்று போடுங்கள். பின்பக்கத்துக்கு மலையாளத்தில் அமரம் உண்டு. ஆனால் கையேட்டில் விளங்காது, 'பின்தலை' போதும்.

கு. (ஒட்டாவா)

சொல்லுக்கு முன் வேலையைப் பாருங்கள். அது எதைச் சொல்லக்கூடாது என்பதும் முக்கியம்.

முதலாவது, அது இழுப்பு அல்ல. கெவ்லார் வள்ளத்தைக் கரையில் ஏற்றி இழுத்தால் பாறையில் அடிப்பாகம் தேயும். கணுக்கால் அல்லது முழங்கால் ஆழத்தில் இறங்கி, மிதக்கும்போதே மூட்டைகளை எடுத்துவிட்டுத்தான் வள்ளத்தைத் தூக்க வேண்டும். வள்ளத்தின் நடுவில், பக்கவாட்டில் நின்று கிட்ட விளிம்பைப் பிடித்துத் தொடையில் ஏற்றுவது. ஒரு கை தூர விளிம்புக்குப் போகும். முழங்காலால் ஒரு உந்து. தலைக்கு மேல் கவிழ்ந்து, நடுக்குறுக்குச் சட்டம் இரண்டு தோளிலும் உட்காரும். கழுத்துக்கு இடம் விட்டுக் குழிவாகச் செதுக்கின சட்டம் அது. உயிர்காப்பு அங்கியைக் கழற்றாமல் இருந்தால் அதுவே தோளுக்கு மெத்தை.

அணியம் சற்றுத் தூக்கி நிற்க வேண்டும். துடுப்புகளையும் நீர் இறைக்கும் குவளையையும் முன்பக்கம் கட்டிவிட்டால் அணியம் தாழ்ந்து பாதை மறையும், அடுத்த மரத்தில் முட்டும். அளவுக்கு மேல் தூக்கினால் காற்று பிடித்துத் திருப்பிவிடும்.

இரண்டாவது, அது ஒரு நடை அல்ல. 16 அடிக் கெவ்லார் வள்ளம் ஏறத்தாழ 20 கிலோ, பிளாஸ்டிக் என்றால் 30ஐத் தாண்டும். அதோடு 60 லீட்டர் சாப்பாட்டுப் பீப்பாய், கூடாரப் பை. ஒரே தடவையில் முடியாதவர்கள் வள்ளத்தைக் கொண்டுபோய் வைத்து, வெறுங்கையோடு திரும்பி, மூட்டையோடு மறுபடி போவார்கள். வரைபடத்தில் P 1340, அதாவது 1340 மீட்டர் போர்ட்டேஜ், என்றால் இப்படி மூன்று தரம் கடந்து கால்கள் நடப்பது 4020 மீட்டர். பெற்றோருக்கு இது விளங்காவிட்டால் பையில் இரும்புச் சட்டி வைத்து அனுப்புவார்கள். தகர டின்னும் கண்ணாடிப் போத்தலும் அங்கே உட்காட்டில் தடை, அதையும் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

செ. (கோவை)

அப்படியானால் கயாக்கில் போகலாமே? மீன்பிடி கயாக்கில் தூண்டில் செருகக் குழாய்கூட வைத்தே வருகிறது.

கு. (ஒட்டாவா)

மேலே உட்கார்ந்து ஓட்டும் மீன்பிடி கயாக் பல 35 கிலோவுக்கு மேல். தோளில் உட்காரச் சட்டமும் இல்லை. ஒரே ஏரியில் நின்று மீன் பிடிக்க அது நல்லது. ஏரி விட்டு ஏரி தாவுகிற பயணத்துக்கு ஆகாது.

ம. (ரொறன்ரோ)

கு. அண்ணா எழுதினதை வாசித்தபோதுதான் தோன்றினது. எங்கட வீடுகளில் இதுக்கு ஒரு வினை இருக்கே! 'அந்த மூட்டையைக் காவிக்கொண்டு வா.' அப்ப பாதை 'காவுதடம்', செய்வது 'காவுதல்'. இரண்டு நடை என்றால் 'இரட்டைக் காவல்'... இல்லை, அது பொலிஸ் மாதிரி இருக்கு. 'இரட்டைக் காவு'.

செ. (கோவை)

அக்கா, மன்னிக்கணும். இங்கே காவு என்றால் ஆடு வெட்டுவது. 'உங்கள் மகன் முதல் நாளில் மூன்று காவு, இரண்டாம் நாளில் இரட்டைக் காவு' என்று படித்தால் எந்தத் தாய் கையெழுத்துப் போடுவாள்?

தா. (நாகர்கோவில்)

எங்கள் பக்கம் காவு என்றால் சோலை. சர்ப்பக்காவு கேள்விப்பட்டதில்லையா? காட்டுக்குள் போகிற தடம் என்று எடுத்துக்கொண்டால் பொருத்தம்தான்.

இரா. (மதுரை)

காவுதடம்! பஃறியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தோளில் தாங்கும் தண்டு 'கா'. அதிலிருந்து காவுதல், காவடி. புறநானூறு 206இல் அதியமான் வாயிலில் சினந்து புறப்படும் ஔவை 'காவினெம் கலனே' என்கிறாள். காவுதலும் கலமும் ஒரே தொடரில்! இதைவிட என்ன சான்று?

அன்பர் செ.வின் அச்சத்துக்கு இலக்கணமே விடை. காவுதடம் என்பது ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. காவிய, காவுகின்ற, காவும் தடம் என்று மூன்று காலமும் உள்ளடங்கும். ஆகவே ஒற்று மிகாது. பலியைக் குறிக்கும் பெயராக இருந்தால் உணவுப்பொருள் போலக் 'காவுத்தடம்' என்று மிகும். ஒற்று இல்லாமையே பொருளைக் காட்டுகிறது.

தா. (நாகர்கோவில்)

ஐயா, ஔவை காவினது கப்பலையா? அங்கே கலன் என்றால் யாழ் முதலான கருவிகள். அடுத்தே 'சுருக்கினெம் கலப்பை' வருகிறதே, கருவிப்பை. அதை இன்றைய உழுகலப்பை என்று படிப்பதும் இதைப் படகு என்று படிப்பதும் ஒன்றுதான்.

இரா. (மதுரை)

அறிவேன். கலன் கருவியே. ஆயினும் காவுதலின் பொருள் மாறவில்லை. கோபித்துக்கொண்டு மூட்டையைத் தோளில் மாட்டிக் கிளம்புகிறவள் அவள். போர்ட்டேஜும் மூட்டையோடுதானே?

செ. (கோவை)

ஒரு 'த்' இல்லாததை வைத்துப் பலி இல்லை என்று எந்தப் பெற்றோர் கண்டுபிடிப்பார்? ஒகேனக்கல்லில் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோடு மேலே நடக்கிறார்கள். அதற்கு அவர்கள் கலைச்சொல் தேடவில்லை, 'தூக்கிட்டுப் போறோம்'தான். 'தூக்குவழி' என்று வையுங்கள்.

கு. (ஒட்டாவா)

தூக்குவழி என்றால் தூக்குமேடைக்குப் போகிற வழிபோலக் கேட்கிறது. பலியிலிருந்து தப்பித் தூக்கில் விழ வேண்டுமா? என் வாக்கு காவுதடத்துக்கு. வாசிப்பவர்களில் பெரும்பாலானோர் ஈழத்துப் பெற்றோர், வீட்டில் அவர்கள் தினமும் காவுகிறவர்கள். 'காவு' என்று தனியே மட்டும் எழுதாதீர்கள். 'இரட்டைக் காவு' வேண்டாம், 'இரண்டு நடையாகக் காவுதல்' என்று விரியட்டும்.

ம. (ரொறன்ரோ)

சரி, இப்படி முடிக்கிறேன். முதல் தரம் வரும் இடத்தில்: 'காவுதடம் – பிள்ளையள் போர்ட்டேஜ் என்று சொல்வது இதைத்தான். தொடக்கத்தில் மஞ்சள் பலகை இருக்கும், செம்மஞ்சள் பலகை என்றால் கூடாரம் அடிக்கும் இடம்.' பிறகு 30 இடத்திலும் காவுதடம், காவுதல். தோளில் உட்காரும் சட்டத்துக்கு நுகம் என்று போட்டிருக்கிறேன். கையேட்டின் மீன்பிடிப் பக்கத்தில் இரண்டு வரி: 18 வயதுக்கு உட்பட்ட ஒன்ராறியோப் பிள்ளையளுக்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை, ஆனால் அடையாள அட்டை கையில் இருக்க வேணும். உயிருள்ள இரைமீன் பூங்காவுக்குள் கொண்டுபோகவே கூடாது. தப்பி ஏரிக்குள் போனால் அங்கத்தைய ட்ரவுட் மீனின் தீனிக்குப் போட்டி வரும்.

செ. (கோவை)

ட்ரவுட்டை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? நீலகிரி அவலாஞ்சியில் அதன் குஞ்சு பொரிப்பகமே இருக்கிறது, தமிழ்ப் பெயர் கிடைக்கவில்லையா? என் எதிர்ப்பு பதிவாகட்டும்: போர்ட்டேஜ்.

இரா. (மதுரை)

ட்ரவுட்டுக்குத் தனி இழை தொடங்குக. ஒரு திருத்தம் மட்டும். நுகம் இரண்டு மாட்டின் கழுத்தில் கிடப்பது. இங்கே சுமப்பவர் ஒருவர். 'காத்தண்டு' என்று மாற்ற இயலுமா?

ம. (ரொறன்ரோ)

ஐயா, காலமை ஒன்பது மணிக்கே அச்சுக்குப் போயிட்டுது.