டபுள் போலிங்கில் மூச்சு வாங்கவில்லை, கை மட்டும் செத்துப்போகிறது

பனிக்கால்:
கிராஸ்-கன்ட்ரி பனிச்சறுக்கில் கிளாசிக் பாணி (இரண்டு பலகையும் இணையாகப் போகும்) 10 கி.மீ. போட்டிக்குத் தயாராகிறேன். ஏற்றத்தில் பிரச்சினை இல்லை. சமதளத்தில் டபுள் போலிங், அதாவது இரண்டு கோலையும் சேர்த்து ஊன்றித் தள்ளும்போதுதான் சிக்கல். பத்தே நிமிடத்தில் முன்கையும் ட்ரைசெப்ஸும் (மேல்கையின் பின்பக்கத் தசை) கல்லாக இறுகிவிடுகின்றன. இதயத் துடிப்போ 150-ஐத் தாண்டுவதில்லை. ஓடும்போது 185 வரை போகும். ஜிம்மில் கையை இன்னும் வலுவாக்க வேண்டுமா?

ஊசியிலை:
உங்கள் உயரம் என்ன, கோல் என்ன நீளம்? கிளாசிக் போட்டியில் உயரத்தில் 83 சதவீதத்துக்கு மேல் விதி விடாது.

பனிக்கால்:
உயரம் 175 செ.மீ., கோல் 145.

ஊசியிலை:
கோல் சரிதான். அப்போ தப்பு ஆளிடம்தான் :)

பழையதடம்:
ஜிம்மை விடுங்கள் ப்ரோ, நீங்கள் கையால் இழுக்கிறீர்கள். கோல் ஊன்றும்போது முழங்கை ஏறக்குறைய 90 டிகிரியில் மடங்கி, பூட்டுப் போட்டதுபோல் நிற்கணும். வயிற்றை இறுக்கி, உடம்பு எடையைக் கோல்மேல் சாய விடுங்கள். ட்ரைசெப்ஸுக்குக் கடைசியில்தான் வேலை. திரும்ப நிமிர்வது காலால்: முழங்காலும் இடுப்பும் நீண்டு, குதிகால் எழும்பி, இடுப்பு முன்னால் வரணும்.

கைத்தசை சின்னது. நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கும், ரத்தத்திலிருந்து கால் எடுக்கிற அளவுக்கு ஆக்சிஜனைக் கை எடுப்பதில்லை. அதனால் லாக்டேட் (தசை கடுமையாக உழைக்கும்போது உண்டாகும் பொருள்) சீக்கிரம் சேரும். காலும் வேலை செய்தால் அதில் ஒரு பங்கை எரிபொருளாக்கிக்கொள்ளும். துடிப்பு 150-இல் நிற்கிறது என்றால் பெரிய தசைகள் சும்மா சவாரி செய்கின்றன என்று அர்த்தம்.

அப்புறம், தள்ளி முடித்ததும் விரல்களைத் திறக்கிறீர்களா? கோலை மணிக்கட்டு வார் பார்த்துக்கொள்ளும். எப்போதும் இறுக்கிப் பிடித்தால் முன்கைக்கு ரத்தம் எப்போது போகும்?

பனிக்கால்:
இன்று வீடியோ எடுத்துப் பார்த்தேன், மானம் போச்சு. முழங்கால் இரண்டும் மூங்கில் கழிபோல நிற்கின்றன. வாரும் தளர்வு, கோல் நழுவிவிடுமோ என்று தெரியாமலே இறுக்கிப் பிடித்திருக்கிறேன். வாரை இழுத்து ஒட்டி, குதிகாலைத் தூக்கி 20 நிமிடம் போனேன். துடிப்பு 168. முன்கை பரவாயில்லை. வயிறுதான் சிரிக்க விடமாட்டேன் என்கிறது.

பழையதடம்:
வயிறு வலித்தால் சரியான பாதை. அடுத்த முறை பக்கவாட்டிலிருந்து எடுங்கள். கோல் முனை பைண்டிங் (காலணியைப் பலகையோடு பூட்டும் பிடி) பக்கத்தில் இறங்குகிறதா, ரொம்ப முன்னால் போகிறதா என்று பார்க்கணும்.