எம்டன் உலவிய கடலைக் கடந்தவர்களின் கடிதங்கள் தேவை

அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம்.

1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசி எரித்த ஜெர்மன் கப்பல் எம்டன், அதற்கு முன்பே வங்கக் கடலில் வணிகக் கப்பல்களை மறித்து, ஆட்களை இறக்கிவிட்டு, அவற்றை மூழ்கடித்து வந்தது. அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்திலும் ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் (தொழில் செய்யப்) போன நம் செட்டிநாட்டவர் கடந்ததும் அதே கடல்தான். எம்டன் மாலுமிகள் எழுதியவை அச்சாகியுள்ளன. நம்மவர் எழுதியவை வீட்டுப் பெட்டகங்களில்தான் இருக்கக்கூடும்.

அக்காலத்தில் உங்கள் பாட்டையா எழுதிய கடிதமோ, கப்பல் தட்டில் கழிந்த நாட்களையும் உணவையும் அச்சத்தையும் சொல்லும் நாட்குறிப்போ இருந்தால், தேதி தெரியும்படி படமெடுத்து இங்கே பகிர வேண்டுகிறேன். செவிவழிக் கதைகளைவிட, கடலில் இருந்தவர் தம் கையால் எழுதிய இரண்டு வரி எனக்குப் பெரிது. தாள் உதிரும் நிலையில் இருந்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள். காரைக்குடியைச் சுற்றி எந்த ஊராயினும் நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.