கலைச்சொல்: மாரத்தானில் 'ஏற்புப் பாதை', 'பின்னேற்பு'

வணக்கம். ஓடிய நேரம் உலகச் சாதனையாக ஏற்கப்படக்கூடிய பந்தயப் பாதையை ஆங்கிலத்தில் 'ரெக்கார்டு எலிஜிபிள் கோர்ஸ்' என்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல் பற்றி வந்த ஒரு மடலுக்கு இது பதில்:

> 'ரெக்கார்டு எலிஜிபிள் கோர்ஸ்' என்பதற்குத் 'தகுதிப் பாதை' போதுமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாஸ்டன் மாரத்தானைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் காலை வாரிவிடும். அங்கே ஓட வருகிறவர்களில் பெரும்பாலோர் முன்பே வேறொரு மாரத்தானைக் குறித்த நேரத்துக்குள் ஓடி முடித்திருக்க வேண்டும். அதைத் 'தகுதி நேரம்' என்கிறோம். அடுத்த வரியிலேயே 'பாஸ்டன் தகுதிப் பாதை அல்ல' என்று வந்தால் படிப்பவர் குழம்பிப்போவார். பந்தயத்திலேயே ஏதோ கோளாறு என்றுகூட நினைத்துவிடுவார்.

பந்தயத்தில் ஒரு குறையும் இல்லை. உலகச் சாதனைக்கான விதி பாதைக்கு இரண்டு வரம்பு வைக்கிறது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள நேர்கோட்டுத் தூரம் பந்தயத் தூரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முடிவிடம் தொடக்கத்தைவிடக் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கணக்கில், அதாவது 42.195 கி.மீ. மாரத்தானுக்கு மொத்தம் சுமார் 42 மீட்டருக்கு மேல், தாழ்ந்திருக்கக் கூடாது. பாஸ்டன் ஓட்டம் ஹாப்கின்டன் என்ற ஊரில் கிளம்பி ஒரே போக்காகக் கிழக்கே இறங்கி வருகிறது. இறக்கம் சுமார் 140 மீட்டர். இரண்டு வரம்பையுமே தாண்டிவிடுகிறது.

2011 ஏப்ரலில் அங்கே ஜெஃப்ரி முத்தாய் 2:03:02-ல் ஓடினார். அதுவரை எந்த மாரத்தானிலும் யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. பின்காற்றும் நன்றாக வீசிய நாள் அது. அதே செப்டம்பரில் பெர்லினில் பேட்ரிக் மக்காவ் எடுத்த நேரம் 2:03:38. முத்தாயைவிட 36 நொடி கூடுதல், ஆனால் உலகச் சாதனையாக ஏறியது மக்காவின் நேரம்தான். இந்த இரண்டையும் தமிழில் ஒரே 'சாதனை'யால் எழுதி நானே ஒரு முறை மாட்டிக்கொண்டேன். நேரங்கள் இரண்டும் சரி, பெயர்களும் சரி. 'உலகச் சாதனை' என்ற ஒரு சொல்தான் தவறான ஆளிடம் போய் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்தே இந்தச் சொல்லைத் தேடுகிறேன்.

'சாதனைத் தடம்' என்று வந்த பரிந்துரையும் எனக்கு ஒப்பவில்லை. தடம் என்றால் மைதானத்து ஓடுதடம்தான் கண்முன் வருகிறது. இது சாலை, ஆகவே பாதையே இருக்கட்டும்.

என் பரிந்துரை 'ஏற்புப் பாதை'. முதல் முறை வரும் இடத்தில் 'சாதனை ஏற்புப் பாதை' என்று முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். ஓடி முடித்த நேரத்தைச் சான்றுகள் பார்த்துச் சாதனையாக அறிவிப்பதற்குப் 'பின்னேற்பு'. அலுவலகத் தமிழில் நடந்து முடிந்ததற்குப் பிறகு தரும் ஒப்புதலை அப்படித்தான் சொல்கிறோம். மாரத்தானிலும் நடப்பது அதேதான். கெல்வின் கிப்டம் 2023 அக்டோபரில் சிகாகோவில் 2:00:35-ல் ஓடினார். பின்னேற்பு வந்தது 2024 பிப்ரவரியில். இடைப்பட்ட மாதங்களுக்கு 'பின்னேற்பு நிலுவையில்' என்று ஒரு சொல் சேர்த்தால் செய்தி பிழையில்லாமல் நிற்கும்.

ஏற்புப் பாதையும் பின்னேற்பும் ஒன்றுதானே என்று கேட்கலாம். இல்லை. 2019-ல் வியன்னாவில் எலியுட் கிப்சோகே 1:59:40-ல் ஓடியது ஏறக்குறைய சமதரை. அந்த நேரம் உலகச் சாதனையாக ஏறாமல் தடையாக நின்றது பாதை அல்ல. வேகம் காட்டுவோர் (அவரோடு ஓடி வேகத்தைக் காக்க உதவுகிறவர்கள்) இடையிடையே மாறி மாறி உள்ளே வந்தார்கள், மற்றவர்களுக்குத் திறந்த போட்டியாகவும் அது நடக்கவில்லை. ஆகவே பாதைக்கு ஒரு சொல்லும் நேரத்துக்கு ஒரு சொல்லும் தனித்தனியாக வேண்டும்.

அளவு விஷயத்துக்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. 1981 நியூயார்க்கில் ஆல்பெர்ட்டோ சலசார் 2:08:13 எடுத்து உலகிலேயே வேகமானவர் என்று கொண்டாடப்பட்டார். பிறகு அளந்து பார்த்தால் பாதை ஏறத்தாழ 150 மீட்டர் குறைவு. இப்போது அளக்கிறவர் சைக்கிளின் முன்சக்கரத்தில் சுழற்சி எண்ணும் சிறு கருவியை மாட்டிக்கொள்கிறார். எஃகு நாடாவால் அளந்த நேர்ச்சாலையில் முதலில் ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று குறித்துக்கொள்கிறார். வேலை முடிந்ததும் திரும்பவும் அதே சாலையில் ஓட்டிச் சரிபார்க்கிறார். வளைவுகளில் விளிம்புக்கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஓட்டக்காரர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியிலேயே உருட்டுகிறார். பாதை குறைந்துபோகாமல் இருக்க, அதற்கும் மேல் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூட்டி வைக்கிறார்கள். எனவே 42.195 என்று போட்ட பாதை சுமார் 42.237 கி.மீ.க்கு அளக்கப்பட்டிருக்கும்.

இந்தக் கூடுதல் மீட்டருக்குக் 'குறைகாப்பு நீளம்' என்று வைக்கலாமா? 'என் கைக்கடிகாரம் 42.6 காட்டியது, பாதை தப்பு' என்று வரும் புகாருக்குப் பதில் எழுதும்போதெல்லாம் இது இல்லாமல் தடுமாறுகிறேன். அவர் வளைவுகளில் அகலமாக ஓடியதும் கடிகாரத்தின் பிழையும் சேர்ந்ததுதான் மிச்சத் தூரம். அளவுக்கோட்டின் மேலேயே ஓடியவர் யாரும் இல்லை.

'ஏற்பு' என்றால் உயிரியலின் 'ஏற்பி' (ரிசெப்டர்) நினைவுக்கு வரும் என்று முந்தைய மடலில் அம்மா ஒருவர் தயங்கியிருந்தார். பக்கத்தில் பாதை என்ற சொல் நிற்பதால் குழப்பம் வராது என்றே படுகிறது. ஒரு வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: 'பாஸ்டன் ஏற்புப் பாதை அல்ல என்பதால் முத்தாயின் நேரம் பின்னேற்புக்கே போகவில்லை.' இதைவிடச் சுருக்கமாக, 'தகுதி' வராமல், யாராவது சொல்ல முடிந்தால் என் சொல்லை மகிழ்ச்சியோடு விட்டுவிடுகிறேன்.