கலைச்சொல் விவாதம்: ‘தவறான தகவல்’ என்ற ஒரு சொல் போதுமா?

அனுப்புநர்: தொகுப்பாளர், கொக்குவில்

எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்கச் சுகாதாரக் காப்புறுதிச் சீர்திருத்தத்தைச் சுற்றிப் பரவிய அரசியற் பொய்கள் பற்றிய பாட அலகை ஊடகக் கற்கை மாணவருக்காகத் தமிழில் ஆக்குகிறோம். மூன்று இடங்களில் சொல் இல்லாமல் முட்டி நிற்கிறோம். ஒன்று, பிழையான செய்தி. மற்றது, பிழையென்று தெரிந்தே பரப்பிய செய்தி. மூன்றாவது, அதைக் கேட்டவருடைய மனதில் உறுதியாக இருந்துவிட்ட எண்ணம். இவை மூன்றுக்கும் ‘தவறான தகவல்’, ‘தவறான புரிதல்’ என்று மாறி மாறிப் போட்டால் பாடமே குழம்புகிறது.

ஏன் குழம்புகிறது என்பதற்கு அலகின் நடு உதாரணத்தைத் தருகிறேன். 2009 இல் பிரதிநிதிகள் சபைக்கு வந்த எச்.ஆர். 3200 சட்டமூலத்தின் 1233 ஆம் பிரிவு கேட்டது ஒன்றே. முதியோருக்கான மெடிகெயார் திட்டத்தில் உள்ள ஒருவர், தனக்கு நினைவு தப்பினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் முடிவெடுப்பது என்று வைத்தியரோடு கதைத்துப் பதிந்துவைக்க விரும்பினால், அந்த ஆலோசனைக்கான கட்டணத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அரசு கொடுக்கும். விரும்பாதவர் போகத் தேவையில்லை. யூலை நடுப்பகுதியில் பெற்சி மக்கோகி என்ற அரசியல் விமர்சகர், இந்த ஆலோசனை முதியோருக்குக் கட்டாயம் என்று வானொலியில் சொன்னார். ஓகஸ்ற் 7 இல் குடியரசுக் கட்சியின் முன்னாள் துணைச் சனாதிபதி வேட்பாளர் சேரா பேலின் தன் முகநூலில், யார் சிகிச்சைக்குத் தகுதியுடையவர் என்று அதிகாரிகள் தீர்மானிக்கும் ஒரு குழு வரப்போகிறது என்று எழுதினார். ஒரு கிழமை கழித்துப் பியூ ஆய்வு நிறுவனம் கருத்துக்கணிப்பு எடுத்தது. 86 வீதமானோர் அந்தக் கதையைக் கேள்விப்பட்டிருந்தார்கள். கேள்விப்பட்டவர்களில் 30 வீதம் உண்மை என்றார்கள், 50 வீதம் பொய் என்றார்கள், 20 வீதம் தெரியாது என்றார்கள்.

இந்த 30 வீதத்தாரையும் 20 வீதத்தாரையும் ‘தவறான புரிதல் உடையோர்’ என்று ஒரே பெட்டிக்குள் போட ஏலாது. தெரியாதவருக்குத் தகவல் கொடுத்தால் போதும். உறுதியாக நம்புகிறவரிடம் ஏற்கனவே ஒரு ‘தகவல்’ இருக்கிறது. அதை இறக்கிவைத்த பிறகே வேறொன்றை ஏற்றலாம். அலகின் மையமே இந்த வேறுபாடுதான்.

சொல் தாருங்கள்.

அனுப்புநர்: ஓய்வுநிலைத் தமிழாசிரியர், நல்லூர்

தம்பி, நீர் தேடுகிற வேறுபாட்டுக்குத் தமிழில் பழைய பெயர் உண்டு. ‘ஐயந்திரிபறக் கற்றல்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோமே, அந்த ஐயமும் திரிபும் ஒன்றல்ல. மங்கலில் நிற்பது கட்டையோ ஆளோ என்று மயங்குவது ஐயம். கிடக்கிற கயிற்றைப் பாம்பென்றே துணிந்துவிடுவது திரிபு. ஐயமுடையவன் கேட்பான், திரிபுடையவன் கேட்கமாட்டான், ஓடுவான் அல்லது பொல்லெடுப்பான். உமது 20 வீதத்தார் ஐயத்தில் நின்றவர்கள், 30 வீதத்தார் திரிபில் நின்றவர்கள். கேள்வியே படாத 14 வீதத்தார் அறியாமையில் இருந்தவர்கள். அப்படியென்றால் உமக்கு வேண்டியது ஒரு சொல்லல்ல, அறியாமை, ஐயம், திரிபு என்ற வரிசை முழுவதும்.

மற்ற இரண்டு சொல்லும் இதே வினையடியில் இருக்கின்றன. ‘திரி’ தன்வினையாகவும் பிறவினையாகவும் நிற்கும். பால் தானாகத் திரிந்தது. ஒருவன் பேச்சைத் திரித்தான். கைமாறிக் கைமாறிப் பிழைத்துப்போனது திரிந்த தகவல். வேண்டுமென்று பிழைபடுத்தியது திரித்த தகவல். ஓர் ஒற்று மாறினால் பொறுப்பு யாருடையது என்பது தெரிந்துவிடும். புதுச்சொல் எதற்கு?

மனதில் நிற்கும் எண்ணத்துக்குத் ‘திரிபுணர்வு’ அல்லது ‘திரிபறிவு’ என்று வைக்கலாம்.

அனுப்புநர்: தாதி உத்தியோகத்தர், மானிப்பாய்

ஐயா, திரிந்த, திரித்த என்ற சோடி நல்ல வாய்ப்பு. எங்கட பேச்சில் அது இன்னும் தெளிவு: பால் ‘திரிஞ்சது’, கதையைத் ‘திரிச்சது’. காதில் மாறவே மாறாது. ஆனால் ‘திரிந்த தகவல்’ என்பதை ‘ஊரெல்லாம் சுற்றித் திரிந்த தகவல்’ என்றும் எடுப்பார்கள். முதன்முறை எழுதும்போது ‘திரிந்துபோன தகவல்’ என்று முழுதாக எழுதினால் அந்த மயக்கம் தீரும்.

மூன்றாவது சொல்லில் எனக்கு இரண்டு தடை. ‘உணர்வு’ என்றால் இன்று கோபம், துக்கம், இனப்பற்று என்றுதான் வாசிப்பார்கள். தர்க்கநூற் பொருள் மாணவருக்கு எட்டாது. ‘திரிபறிவு’ அதைவிட ஆபத்து. குறிப்பறிதல் என்றால் குறிப்பை அறிதல். அதே அச்சில் திரிபறிவு என்றால் திரிபைக் கண்டுபிடிக்கும் அறிவு என்று எடுப்பார்கள். நோயின் பெயரை மருந்தின் பெயராக்கியதுபோல் ஆகும். ‘பிழைநம்பிக்கை’ என்று யாரும் முன்வைக்கப்போனால் அதற்கும் இப்போதே மறுப்பு: மூடநம்பிக்கைக்குப் பக்கத்து வீடு. கிளினிக்கில் ஒரு அம்மாவுக்கு முன்னால் சொல்லக்கூடிய சொல்லாக இருக்கவேண்டும். சொல்லிலேயே ஏச்சு இருந்தால் அவ அடுத்தமுறை தன் பயத்தை எங்களிடம் சொல்லமாட்டா.

தொகுப்பாளர் எழுதாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. பேலின் சொன்ன அந்தக் குழுவை எப்படி மொழிபெயர்க்கப் போகிறீர்கள்? வரைவில் ‘மரணக் குழு’ என்று கிடக்கிறது. எங்கட ஊரில் மரணம் என்ற சொல்லோடு சங்கம், குழு, சபை எது வந்தாலும் செத்தவீட்டுச் செலவுக்கு உதவும் மரணாதார சங்கம்தான் நினைவுக்கு வரும். அதற்கடுத்ததாகத் திடீர் மரண விசாரணை அதிகாரி. இரண்டுமே உதவி செய்கிற அமைப்புகள். அமெரிக்காவில் அந்தச் சொல் கிளப்பிய பயம் தமிழில் கொஞ்சமும் வராது. பயம் ஏன் அப்படிப் பரவியது என்பதும் மாணவருக்கு விளங்காமற்போகும்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் 1847 இல் வந்து இதே மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கியபோது, உடலமைப்பியலுக்கு ‘அங்காதிபாதம்’ என்று வைத்தார். இரசாயனத்துக்கு அப்படி ஒரு சொல்லைத் தேடி இழுக்காமல் ‘கெமிஸ்தம்’ என்றே விட்டார். பொருள் சரியாக ஏறும் இடத்தில் தமிழ், ஏறாத இடத்தில் ஒலிபெயர்ப்பு. இங்கேயும் அதை யோசிக்கலாம்.

அனுப்புநர்: செய்தி ஆசிரியர், திருநெல்வேலி

அக்கா கேட்ட குழுவுக்கு ‘உயிர்த்தீர்ப்புக் குழு’ என்பது என் முன்மொழிவு. யாருடைய உயிருக்கு யார் தீர்ப்பு எழுதுவது என்ற பயம் அதில் இருக்கிறது. மரணாதார சங்கம் குறுக்கே வராது. ஒலிபெயர்ப்பு இதற்கு உதவாது, ‘டெத் பனல்’ என்றால் கதவுப் பலகை செய்கிறவர் நினைவுக்கு வருவார்.

இனிமேல் சொல்லப்போவது சொல்லைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். தமிழில் வினை கடைசியில் வரும். ‘சீர்திருத்தச் சட்டத்தில் முதியோரைச் சாகவிடத் தீர்மானிக்கும் உயிர்த்தீர்ப்புக் குழு ஒன்று உள்ளது என்பது உண்மையல்ல’ என்று எழுதினால், கேட்பவர் பொய்யை முழுதாகக் கேட்டு முடித்த பிறகுதான் மறுப்பு வருகிறது. பஸ்ஸில் கேட்கிறவர் அதற்குள் இறங்கிவிடுவார். ஆங்கிலத்தில் மறுப்பை முன்னுக்கு வைக்க இலக்கணமே இடம் தருகிறது. எங்களுக்கு வாக்கியத்தை உடைத்தால்தான் வழி. முதல் வாக்கியம், சட்டம் உண்மையில் கேட்டது என்ன: ‘விரும்பிய முதியவர் வைத்தியரோடு கதைப்பதற்கு அரசு காசு கொடுக்கும்.’ இரண்டாவது: ‘இதைத் திரித்து உயிர்த்தீர்ப்புக் குழு என்றார்கள்.’ மூன்றாவது மீண்டும் உண்மை: ‘அந்தப் பிரிவு கடைசிச் சட்டத்தில் சேர்க்கப்படவும் இல்லை, 2016 சனவரி 1 முதல் மெடிகெயார் அதே ஆலோசனைக்குக் கட்டணம் கொடுத்துவருகிறது.’ பொய்யை ஒருமுறைக்கு மேல் சொல்லக்கூடாது. அடிக்கடி காதில் விழுந்த கதை பழகிய கதையாகிவிடும், பழகியது உண்மைபோல் இருக்கும்.

இன்னொன்று, ‘ஆம்’ விகுதி. ‘குழு வரப்போகுதாம்’ என்று ஊரில் சொன்னால் சொன்னவர் பொறுப்பெடுக்கவில்லை. கேட்டவரும் ஐயத்தோடுதான் கேட்கிறார். அதையே செய்திநடைக்கு மாற்றும்போது ‘குழு வரவுள்ளது’ என்று எழுதிவிடுகிறோம். ஐயா சொன்ன ஐயம் திரிபாக மாறும் இடம் எங்கட மேசைதான். விகுதியை எடுத்தால் அதற்கு ஈடாகச் சொன்னவர் பெயரைப் போடவேண்டும்: ‘வரவுள்ளதாகப் பேலின் எழுதினார்.’ மாணவருக்கு இதைப் பயிற்சியாகக் கொடுக்கலாம்.

வரைவில் இன்னொரு பிழையும் கண்டேன். ஒவ்வொருவரும் காப்புறுதி வைத்திருக்கவேண்டும் என்ற ஏற்பாட்டைத் ‘தனிநபர் ஆணை’ என்று போட்டிருக்கிறது. இங்கே ஆணை என்றால் தேர்தலில் கிடைக்கும் மக்கள் ஆணை. ‘தனியாள் காப்புறுதிக் கடப்பாடு’ என்று மாற்றுங்கள். 2012 யூன் 28 இல் உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்று ஏற்றுக்கொண்டதும், 2019 முதல் தண்டப்பணம் பூச்சியமாக்கப்பட்டதும் இந்தக் கடப்பாட்டைத்தான். ‘ஆணை நீக்கப்பட்டது’ என்று எழுதினால் தேர்தல் முடிவு ரத்தானது என்று வாசிப்பார்கள்.

அனுப்புநர்: ஓய்வுநிலைத் தமிழாசிரியர், நல்லூர்

பிள்ளை சொன்ன குறிப்பறிதல் தடை சரியானது. இரண்டையும் திரும்ப எடுக்கிறேன். ‘தப்பெண்ணம்’ என்று ஏற்கனவே ஒரு சொல் இருக்கிறது. ஆனால் அது ஒருவரைப் பற்றிய கெட்ட அபிப்பிராயம் என்ற பக்கம் சாய்ந்துவிட்டது. அதன் அச்சிலேயே ‘திரிபெண்ணம்’ என்றால் என்ன? எண்ணம் என்பதில் ஏச்சு இல்லை; எவருக்கும் எண்ணம் உண்டு, எவருடையதும் திரியும். புணர்ச்சியும் இயல்பானது: திரிபு, எண்ணம், திரிபெண்ணம். வெறும் ‘திரிபு’ என்று மட்டும் எழுதவேண்டாம். வரலாற்றுத் திரிபு என்ற வழக்கில் அது திரிப்பவன் செயலாகிவிட்டது.

அனுப்புநர்: தொகுப்பாளர், கொக்குவில்

ஐயா, திரிபெண்ணத்தை அலகின் எல்லா இடங்களிலும் போட்டுப் பார்த்தேன், ஓரிடத்திலும் இடிக்கவில்லை. பெயர் மாறியதால் வந்த குழப்பத்துக்கும் பொருந்துகிறது. 2013 செப்ரெம்பரில் சீ.என்.பி.சி. எடுத்த கணிப்பில், சீர்திருத்தச் சட்டத்தின் பட்டப்பெயரான ‘ஒபாமாகெயார்’ என்று கேட்டபோது 46 வீதம் எதிர்த்தார்கள்; அதே சட்டத்தின் சொந்தப் பெயரான ‘அபோடபிள் கெயார் அக்ற்’ என்று சொல்லிக் கேட்டபோது 37 வீதம். அதே கணிப்பில் ஒபாமாகெயார் என்ற பெயருக்குத்தான் ஆதரவும் கூட, 22க்கு 29. பெயர் இரு பக்கத்தையும் உசுப்பிவிட்டது. இந்த ஒன்பது புள்ளியைத் திரிபெண்ணம் என்று எழுதவேண்டாம், அரசியற் சார்பு. இரண்டும் வேறு வேறு சட்டங்கள் என்று துணிந்திருப்பதுதான் திரிபெண்ணம்.

திரித்த தகவல் என்று எழுத ஒரு நிபந்தனை வைக்கிறேன். பரப்பியவருக்குப் பொய்யென்று தெரிந்திருந்தது என்பதற்கு ஆவணம் வேண்டும். இல்லாவிட்டால் திரிந்த தகவல் என்றே போடுவோம். இரு கட்சிக்கும் இதே அளவுகோல். ‘உங்கள் திட்டம் பிடித்திருந்தால் அதையே வைத்திருக்கலாம்’ என்று ஒபாமா பலமுறை சொன்னார். 2010 மார்ச் 23க்கு முன் இருந்த திட்டங்களுக்குச் சட்டம் விலக்குக் கொடுத்தது உண்மை. ஆனால் நிறுவனம் நிபந்தனைகளைக் கணிசமாக மாற்றினால் அந்த விலக்குப் போய்விடும். 2013 கடைசியில் பலருக்கு ரத்துக் கடிதம் வந்தது. உண்மைச் சரிபார்ப்புத் தளமான பொலிற்றிபக்ற் 2009 இல் உயிர்த்தீர்ப்புக் குழுவையும் 2013 இல் இந்த வாக்குறுதியையும் ஆண்டின் பெரும்பொய்யாகத் தெரிவுசெய்தது. அலகில் இரண்டும் அடுத்தடுத்து வரும்.

எங்கட வாசகருக்கு ஒரு முற்குறிப்பும் தேவை. அரச வைத்தியசாலையில் இலவசமாகச் சிகிச்சை பெறுகிறவருக்குக் காப்புறுதி என்றால் ஆயுட் காப்புறுதி, வாகனக் காப்புறுதி, அரச ஊழியராயின் அவர்களுக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதி. அமெரிக்காவில் அது வைத்தியசாலைக்குள் போவதற்கான வழி. 2014க்கு முன் நீரிழிவோ புற்றுநோயோ இருந்த ஒருவர் சொந்தமாகக் காப்புறுதி எடுக்கப்போனால் பெரும்பாலான மாநிலங்களில் நிறுவனம் மறுக்கலாம். சட்டம் அதைத் தடுத்தது. இதை முதற் பக்கத்தில் சொல்லாவிட்டால் இவ்வளவு சண்டை எதற்கென்று மாணவர் கேட்பார்கள்.

கலைச்சொல் அட்டையில் ஏற்றமுன் வழமையான சோதனை. துறைக்கு வெளியே உள்ள ஐந்து பேருக்குத் தொலைபேசியில் சொல்லை மட்டும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். இருவர் எழுத்துப் பிழைவிட்டால் சொல்லில்தான் கோளாறு. பிறகு விளக்கம் கொடுக்காமல் பொருள் கேட்டு, முதலில் வந்த பதிலை அப்படியே குறியுங்கள், திருத்திக் கொடுக்கவேண்டாம். அதன்பின் ஒரு வாக்கியத்தில் வைத்துக் கேளுங்கள். ஒரு கிழமை கழித்துச் சொல் நினைவிருக்கிறதா என்று மறுபடி கேளுங்கள். திரிந்த, திரித்த இரண்டையும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் கேட்கக்கூடாது. சோடியாகக் கேட்டால் வேறுபாட்டை நாங்களே காட்டிக்கொடுத்துவிடுவோம்.

அனுப்புநர்: தாதி உத்தியோகத்தர், மானிப்பாய்

திரிபெண்ணத்துக்கு என் சம்மதம். அட்டையில் ஒரு வரி சேர்க்கவேண்டும்: ‘திரிபெண்ணம் உடையவர்’ என்று ஆளோடு ஒட்டி எழுதாமல், ‘இந்தப் பிரிவு பற்றிய திரிபெண்ணம்’ என்று விடயத்தோடு ஒட்டி எழுதுக. ஒருவருக்கு ஒரு விடயத்தில் திரிபெண்ணம் இருக்கும், அடுத்ததில் எங்களைவிடத் தெளிவாக இருப்பார்.

திருத்துவதற்கான வினை இன்னும் இல்லை. ‘களைதல்’ என்று வைக்கலாமா? உயிர்த்தீர்ப்புக் குழுக் கதைக்கான மறுப்பு குடியரசுக் கட்சிக்காரர் ஒருவரின் வாயால் வந்தபோதுதான் அதிகம் எடுபட்டது என்று ஆய்வு இருக்கிறது. களைபிடுங்கலிலும் பயிரை மிதிக்காமல் எந்த வரம்பால் இறங்குவது என்பதுதான் கேள்வி. ஐயா சரியென்றால் ‘திரிபெண்ணம் களைதல்’ என்று நாளைக்கே ஐந்து பேரிடம் கேட்கத் தொடங்குகிறேன்.