இருக்கை அட்டையில் தமிழ்ப் பெயர்கள் உடைந்து வருகின்றன, 160 பேருக்கு அடிக்க வேண்டும்: உதவி தேவை

பல்லடம் பெண்:

வணக்கம்ங்க. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனி ஆபீசில் வேலை செய்கிறேன். கம்பெனிக்கு 25 வருடம் நிறைவதால் கோவையில் ஓட்டல் ஹால் எடுத்து இரவு விருந்து வைக்கிறோம். 20 வட்ட மேசை, மேசைக்கு 8 பேர், மொத்தம் 160. ஜெர்மனி, ஸ்பெயின் பையர்கள் வருகிறார்கள். முதலாளியின் சொந்தக்காரர்கள், நூல் மில்காரர்கள், சாயப்பட்டறைக்காரர்கள், முதல் நாளிலிருந்து கூடவே இருக்கும் டெய்லர் அக்காக்கள் எல்லாரும் அதே மேசைகளில் கலந்து உட்காருகிறார்கள். யார் பக்கத்தில் யார் என்று முதலாளியே பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார்.

ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் மடித்து நிற்கிற அட்டை வேண்டும். ஒரு பக்கம் தமிழில் பெயர், மறுபக்கம் ஆங்கிலத்தில். வேர்டில் மெயில் மெர்ஜ் (பட்டியலிலிருந்து பெயர்களைத் தானாக எடுத்து நிரப்பும் வசதி) போட்டுப் பார்த்தேன். ஒரு தாளில் நாலு அட்டை வைத்தால் நாலிலும் ஒரே பெயர் வருகிறது. மறுபக்கப் பெயர் தலைகீழாக இருக்க வேண்டும் என்பதால் அதை டெக்ஸ்ட் பாக்ஸில் வைத்துத் திருப்பினேன். இப்போது தமிழில் ஒருவர் பெயரும் ஆங்கிலத்தில் வேறொருவர் பெயரும் வருகிறது. அந்த ஃபைலை ஓர் அச்சகத்தில் திறந்தபோது கொம்பெல்லாம் கழன்றுவிட்டது. 'செ' என்று இருக்க வேண்டிய இடத்தில் முதலில் 'ச', அதற்குப் பின்னால் தனியாக ஒரு கொம்பு. பட்டியலில் பாதி எங்கள் பழைய கணக்குப்பிள்ளை பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்தது. அது வேர்டுக்கு வரும்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கிறது.

டெய்லர் அக்காக்களில் பல பேருக்குத் தன் பெயரை அச்சில் போட்டு ஒரு நாற்காலி ஒதுக்கி வைப்பது இதுதான் முதல் தடவை. அந்தப் பெயரில் ஒரு புள்ளிகூடத் தப்பக் கூடாது. வழி சொல்லுங்க.

கோவை டிடிபி:

ஒவ்வொன்றாக வருவோம். நாலிலும் ஒரே பெயர் வரக் காரணம், இரண்டாவது அட்டையிலிருந்து ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் 'நெக்ஸ்ட் ரெக்கார்டு' போட வேண்டும். அது இல்லாவிட்டால் வேர்டு அந்தப் பக்கம் முழுவதும் பட்டியலின் ஒரே வரியிலேயே நிற்கும். ஆனால் டெக்ஸ்ட் பாக்ஸ் கலந்தால் அதுவும் உதவாது. பாக்ஸுக்குள் இருக்கும் ஃபீல்டுகளை, அதாவது பெயர் வந்து நிரம்பும் இடங்களை, வேர்டு நம் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எடுக்காது. உங்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் ஆள் மாறி நிற்பது அதனால்தான்.

இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு தாளில் நாலு அட்டை என்கிற யோசனையை விட்டுவிடுங்கள். பக்க அளவையே ஓர் அட்டையின் விரித்த அளவாக வையுங்கள்: அகலம் 3.5 அங்குலம், உயரம் 4 அங்குலம். மடித்தால் விசிட்டிங் கார்டு அளவில் நிற்கும். கீழ்ப்பாதியில் தமிழ், மேல்பாதியில் 180 டிகிரி திருப்பிய டெக்ஸ்ட் பாக்ஸில் ஆங்கிலம். மெர்ஜ் வகையில் 'லேபிள்ஸ்' வேண்டாம், 'லெட்டர்ஸ்' எடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரே ஆள் என்றால் பெயர் மாற வழியே இல்லை, நெக்ஸ்ட் ரெக்கார்டும் தேவையில்லை. முடிவில் 160 பக்கம் உள்ள ஒரு பிடிஎஃப் கிடைக்கும். அதைத் தாளில் அடுக்குவது அச்சகத்தின் வேலை.

பாமினி விஷயம். அது யூனிகோடு கிடையாது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, எழுத்துரு மட்டும் அதைத் தமிழாகக் காட்டுகிறது. மெர்ஜ் செய்யும்போது எக்செல்லில் இருக்கும் எழுத்துரு கூட வராது, வெறும் எழுத்துதான் வரும். முதலில் எக்செல்லில் அந்த நெடுவரிசையை யூனிகோடுக்கு மாற்றுங்கள். என்.எச்.எம். கன்வர்ட்டர் மாதிரி பல கருவிகள் இருக்கின்றன. பாமினியும் நிஜ ஆங்கிலமும் ஒரே கட்டத்தில் கலந்திருந்தால் அந்த ஆங்கிலமும் தமிழாக மாறிக் கந்தலாகும், அதை முன்கூட்டியே பிரித்துவிடுங்கள். மாற்றிய பிறகு 'கௌசல்யா', 'கௌரி' போன்ற பெயர்களைத் தொட்டுப் பாருங்கள். ஒற்றைக் கொம்பும் 'ள' எழுத்தும் சேர்த்து அடித்திருந்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தேடும்போது அந்த ஆள் கிடைக்கமாட்டார்.

அச்சகத்தில் கொம்பு கழன்றதற்குக் காரணம் அவர்களுடைய பழைய மென்பொருள். பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. இன்டிசைனில் பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி காம்போசர்' எடுத்தால்தான் தமிழ் ஒழுங்காக உட்காரும். ஆகவே வேர்டு ஃபைலை யாருக்கும் கொடுக்காதீர்கள். பிடிஎஃப் மட்டும் கொடுங்கள், எழுத்துரு அதற்குள் பதிந்திருக்கிறதா என்று ப்ராப்பர்ட்டீஸில் பார்த்துவிட்டு. அவர்கள் அதைக் கோரல்டிராவில் இறக்கினால் 'டெக்ஸ்ட்' என்று எடுக்கக் கூடாது, எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக்கும் 'கர்வ்ஸ்' என்று எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் எழுத்து அசையாது.

பையர்கள் பட்டியலை சிஎஸ்வி ஆக்காமல் எக்செல்லாகவே வையுங்கள். ஜெர்மன் பெயர்களில் உயிரெழுத்தின் தலைமேல் வரும் இரட்டைப் புள்ளி அந்த மாற்றத்தில்தான் பெரும்பாலும் கெடுகிறது.

ஈரோட்டு அக்கா:

கண்ணு, ஹாலில் மேசை போடும் வேலையை நான் ரொம்ப நாளாகச் செய்கிறேன். மேலே சொன்ன கணினி வேலை சரி. எனக்குப் பயம் உன் பட்டியல் மேல்தான். நம்ம பக்கத்துப் பட்டியல் எப்படி இருக்கும்? 'காங்கேயம் மாமா குடும்பம் - 4' என்று இருக்கும். பத்திரிகை வைக்க அது போதும். நாற்காலிக்கு முன்னால் வைக்க நாலு பெயர் வேண்டும். '160 பேர்' என்கிற கணக்கில் எத்தனை பேருக்கு உன்னிடம் சொந்தப் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே எண்ணிப் பார். அட்டை வேலையில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

பெண்களுக்கு 'திருமதி' போட்டு வீட்டுக்காரர் பெயரை அடிக்காதே. அந்த அம்மாவின் பெயரையே கேட்டு வாங்கு. வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, ஆதாரில் இருப்பது ஒன்று என்று இருக்கும். எது வேண்டும் என்று அவர்களையே கேள். டெய்லர் அக்காக்களிடம் வாட்ஸ்அப்பில் கேட்காமல், பெயரை ஒரு தாளில் அச்சடித்து நேரில் கொண்டுபோய்க் காட்டு. 'ன'வா 'ண'வா, 'ல'வா 'ள'வா என்று அவர்கள் கண்ணாலேயே பார்த்துச் சொல்லட்டும். சம்பளப் பட்டியலில் இருப்பதை அப்படியே நம்பாதே.

அடுத்தது ஒரே பெயர்காரர்கள். நம்ம சீமையில் பழனிசாமி, கந்தசாமி, சுப்பிரமணியம் இல்லாத பட்டியல் உண்டா? இன்ஷியலும் ஒன்றாகவே அமைந்துவிடும். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஊரைப் போடு: பெருந்துறை, சென்னிமலை, தாராபுரம் என்று. பெரியவர்களுக்கு ஊர்ப் பெயரோடு பார்க்கிறபோது முகமே மலர்ந்துவிடும். எக்செல்லில் இன்ஷியலுக்குத் தனிக் கட்டம், பெயருக்குத் தனிக் கட்டம் வை. இல்லாவிட்டால் அகரவரிசை போடும்போது எல்லாம் இன்ஷியல்படி வரும், வாசலில் நிற்கிற பிள்ளைகளால் யாரையும் தேட முடியாது.

ஸ்பெயின்காரர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர் இருக்கும், வழக்கமாக முதலில் வருவது அப்பா வழி. கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துப் போட்டுவிடாதே. முழுப் பெயரையும் போடு, இல்லாவிட்டால் அவர்கள் ஈமெயிலில் எப்படிக் கையெழுத்துப் போடுகிறார்களோ அப்படியே போடு.

சைவமா அசைவமா என்பதையும் இதிலேயே முடித்துவிடு. சைவக்காரர் அட்டையில் ஓர் ஓரத்தில் சின்னப் பச்சைப் புள்ளி. பரிமாறுகிற பையன் கேட்காமலேயே தெரிந்துகொள்வான், விருந்தாளியும் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியதில்லை. மெர்ஜில் 'இஃப்' விதி போட்டால் அந்தப் புள்ளி தானாக வரும் என்று எங்கள் பையன் சொல்கிறான்.

ஒன்று கேட்கிறேன், ஹாலில் ஏசியா, பெரிய ஸ்டாண்டு ஃபேனா? ஃபேன் என்றால் மடித்த அட்டை பறந்துவிடும். நான் ஒரு விருந்தில் ஈரோட்டு மஞ்சள் கிழங்கில் கீறல் போட்டு அதில் ஒற்றை அட்டையைச் செருகி வைத்தேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது, வெளியூர்க்காரர்கள் கிழங்கை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் காய்ந்து பாலிஷ் போட்ட மஞ்சள் கல்லு மாதிரி இருக்கும், கத்தி இறங்காது. இரும்பு அறுக்கும் ரம்பத்தால்தான் கீற வேண்டும். கீறியதும் பழைய துணியால் தூளைத் துடைத்தெடு, இல்லாவிட்டால் அட்டையின் அடியில் மஞ்சள் ஏறும்.

பல்லடம் பெண்:

அக்கா, எண்ணிப் பார்த்தேன். 41 பேருக்குப் பெயரே இல்லை, எல்லாம் 'குடும்பம்' என்றுதான் இருக்கிறது. நேற்றும் இன்றும் போன் போட்டு ஏழு பேர் தவிர மற்றவர்கள் பெயரை வாங்கிவிட்டேன். ஹால் ஏசிதான். அதனால் மடிக்கும் அட்டையே போதும்.

கோவை அண்ணா, ஒரு பக்கத்துக்கு ஓர் ஆள் என்று மாற்றியதும் பெயர் மாறுவது நின்றுவிட்டது. இப்போது வேறு ஒன்று. ஃபீல்டுக்கு நான் 22 பாயின்ட் வைத்தாலும் மெர்ஜ் ஆனபிறகு தமிழ் மட்டும் குட்டியாக வருகிறது. 'கி', 'சீ' மாதிரி எழுத்துகளின் மேல் சுழி வெட்டுப்படுகிறது. ஒரு சில அட்டையில் இன்ஷியல் முதல் வரியிலும் பெயர் இரண்டாம் வரியிலும் உடைகிறது.

கோவை டிடிபி:

தமிழுக்கு வேர்டில் தனி அளவு உண்டு. ஆப்ஷன்ஸில் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தபிறகு ஃபான்ட் பெட்டியைத் திறந்தால் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று ஒரு பகுதி தெரியும். எழுத்துருவையும் 22 பாயின்டையும் அங்கே வையுங்கள். மேலே இருப்பது ஆங்கிலத்துக்கு மட்டும். எழுத்துருவுக்கு விண்டோஸிலேயே நிர்மலா யூஐ இருக்கிறது. கொஞ்சம் அழகு வேண்டும் என்றால் நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர் இரண்டும் இலவசம். ஜெர்மன் பெயர்களுக்குத் தமிழ் எழுத்துருவின் ஆங்கிலத்தை நம்பாமல் தனியாக ஓர் ஆங்கில எழுத்துரு கொடுங்கள்.

சுழி வெட்டுப்படுவது வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று வைத்ததால். 'மல்டிபிள்' 1.2 வையுங்கள். இன்ஷியல் உடையாமல் இருக்க அதற்கும் பெயருக்கும் நடுவில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், அந்த இடைவெளியில் வரி மடங்காது. பட்டியலில் நீளமான பெயர் எதுவோ அதற்கு அளவு பார்த்து, அதே அளவை 160 பேருக்கும் வையுங்கள். முதலாளி பெயர் பெரிதாகவும் டெய்லர் அக்கா பெயர் சின்னதாகவும் இருக்கவே கூடாது.

திருப்பூர் டேக் அச்சு:

அம்மணி, இதற்கு எதற்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற இடத்தைத் தேடி அலைகிறீர்கள்? உங்கள் கம்பெனிக்கு ஹேங் டேக் (துணியில் தொங்கும் விலை அட்டை) அடித்துத் தருகிறவரிடமே கேளுங்கள். ஒவ்வொரு டேக்கிலும் சைஸ், விலை, பார்கோடு மாற்றி மாற்றி அடிப்பதுதான் எங்கள் தினசரி வேலை. பெயர் மாற்றி அடிப்பதும் அதே வேரியபிள் டேட்டாதான். கிரீசிங் (மடிப்புக் கோடு அழுத்துவது), கட்டிங் எல்லாம் எங்களிடமே இருக்கிறது.

அட்டை 300 ஜிஎஸ்எம், கோட்டிங் இல்லாத வழவழப்பான வெள்ளை எடுங்கள். சொரசொரப்பான டிசைன் அட்டையில் லேசர் டோனர் சரியாகப் பிடிக்காது, மடிப்பில் உதிரும். மடிக்கும் இடத்தில் கலர் எதுவும் வரக் கூடாது. அடர் நீலம், மெரூன் என்று முழுப் பின்னணி போட்டால் மடித்ததும் அந்தக் கோட்டில் வெள்ளையாக வெடிக்கும். கிரீசிங் போடாமல் கையால் மடிக்க வேண்டாம், அட்டையின் கிரெயின், அதாவது நார் ஓட்டம், மடிப்புக் கோட்டோடு ஒரே திசையில் ஓட வேண்டும். இதை நாங்கள் பார்த்துக்கொள்வோம், நீங்கள் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன 3.5க்கு 4 அளவு 12க்கு 18 அங்குலத் தாளில் பன்னிரண்டு அட்டை வரும். 160 பேருக்கு 14 தாள், 168 இடம். இங்கேதான் ஒரு விஷயம். முதல் தாளில் 1 முதல் 12, அடுத்ததில் 13 முதல் 24 என்று அடுக்கினால், வெட்டிய பிறகு பன்னிரண்டு கட்டும் தாறுமாறாகக் கிடக்கும். விருந்துக்கு முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து பொறுக்க வேண்டும். முதல் இடத்தில் தாளுக்கு ஒன்றாக 1 முதல் 14, இரண்டாவது இடத்தில் 15 முதல் 28 என்று அடுக்கச் சொல்லுங்கள். வெட்டியதும் கட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் 1 முதல் 160 வரை நேராக வந்துவிடும். அதற்கு உங்கள் எக்செல் மேசை எண், நாற்காலி எண் வரிசையில் இருக்க வேண்டும். எட்டெட்டாக எடுத்து ரப்பர் பேண்டு போட்டால் மேசைக்கு ஒரு கட்டு.

பல்லடம் பெண்:

எங்கள் டேக் சப்ளையரிடமே பேசிவிட்டேன் அண்ணா, செய்து தருகிறேன் என்றார். மேசை வரிசையும் போட்டாச்சு. டெய்லர் அக்காக்களிடம் அச்சடித்த தாளைக் காட்டினேன். ஐந்து பெயரில் எழுத்து மாற்றினார்கள். ஓர் அக்கா தன் பெயரோடு அம்மா பெயரின் முதல் எழுத்தையும் சேர்க்கச் சொன்னார், சேர்த்துவிட்டேன்.

கடைசியாக ஒன்றே ஒன்று. அன்றைக்குச் சாயந்திரம் யாராவது வரவில்லை, பதிலுக்கு மகன் வருகிறார் என்றால் என்ன செய்வது? அந்த ஏழு பேரில் இன்னும் மூன்று பேருக்குப் பெயர் கிடைக்கவில்லை.

திருப்பூர் டேக் அச்சு:

168இல் மீதி எட்டு இடம் இருக்கிறதே, அதில் கம்பெனி லோகோ மட்டும் போட்டுப் பெயரிடத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள். இன்னும் ஒரு தாள் சேர்த்து ஓட்டினால் இருபது வெற்று அட்டை கிடைக்கும். கோட்டிங் இல்லாத அட்டை என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், அதில் எந்தப் பேனாவும் எழுதும். மேட் லேமினேஷன் போட்டுவிட்டால் ஜெல் பேனா மை காயாமல் கையில் ஒட்டும். அச்சின் கறுப்போடு ஒத்துப்போகிற பேனா ஒன்றை இப்போதே அந்த அட்டையில் எழுதிப் பார்த்து எடுத்து வையுங்கள். ஆபீசில் முத்து முத்தாக எழுதுகிறவர் யாரோ அவரை ஹாலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொல்லுங்கள்.

பெயர் கிடைக்காத மூன்று பேருக்கு '1', '2' என்று எதையும் அடித்து வைக்காதீர்கள். வாசலில் வந்ததும் கேட்டு, எழுதி, அவர்கள் மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் அட்டையைக் கொண்டுபோய் வைத்துவிடலாம். உங்கள் ஆளிடம் முதல் தாளை மட்டும் அடித்து, வெட்டி, மடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதை மேசைமேல் நிறுத்தி, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து படிக்க முடிகிறதா என்று பார்த்தபிறகு மீதியை ஓட்டட்டும்.