மியூரியல் ஸ்பார்க் முடிவை ஏன் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்?

உவர்மலை வாசகி:
வணக்கம். திருகோணமலையில் நாங்கள் நடத்தும் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் ஸ்கொட்லாந்து நாவலாசிரியை மியூரியல் ஸ்பார்க்கைப் பற்றி நான் பேச வேண்டியுள்ளது. 1961இல் வெளிவந்த ‘த பிரைம் ஒஃப் மிஸ் ஜீன் புரோடி’ நாவலில், மேரி மக்கிரெகர் என்ற மாணவி 23 வயதில் ஹோட்டல் தீ விபத்தொன்றில் இறந்துபோவாள் என்பதைத் தொடக்கப் பகுதியிலேயே சொல்லிவிட்டு, அதன் பின்னரும் அவளை வகுப்பில் உட்காரவைத்துக் கதையைத் தொடர்கிறார். இந்த வழக்கம் அவருடைய வாழ்க்கையிலிருந்து வந்ததா, அல்லது வெறும் உத்திதானா?

நிலாவெளி ஆசிரியர் (ஓய்வு):
தங்கைக்கு வணக்கம். வாழ்க்கையிலிருந்து வந்தது என்றே நான் கருதுகிறேன். 1918இல் எடின்பரோவில் பிறந்த அவர், 19 வயதில் தென் ரொடீசியாவுக்கு (இன்றைய சிம்பாப்வே) சென்று திருமணம் முடித்து, அந்த மணவாழ்வு கசந்துபோக, போர் நடந்துகொண்டிருந்த 1944இல் பிரித்தானியாவுக்குத் திரும்பினார். அங்கே இரகசியப் பிரசாரப் பிரிவொன்றில் வேலை கிடைத்தது. ஜெர்மானியரைக் குழப்புவதற்காக, சரியான விவரங்களுக்கு நடுவே பொய்யைக் கலந்து வானொலியில் பரப்புவதே அப்பிரிவின் தொழில். ஒரு நாவலாசிரியைக்கு இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்!

பின்னர் வறுமை. பசியை அடக்கும் மாத்திரைகளை உட்கொண்டதால் மனப்பிரமை ஏற்பட்டு, கவிஞர் ரி. எஸ். எலியட்டின் எழுத்துகளில் தனக்கான மறைசெய்திகள் இருப்பதாக நம்பத் தொடங்கினார். அக்காலத்தில் நாவலாசிரியர் கிரகாம் கிரீன் அவருக்கு மாதந்தோறும் 20 பவுண் கொடுத்துதவினார். 1954இல் கத்தோலிக்கராகி, 1957இல், தம் 39ஆவது வயதில், முதல் நாவலான ‘த கம்ஃபர்ட்டர்ஸ்’ஐ வெளியிட்டார். அதில் வரும் பெண்ணுக்குத் தட்டச்சுப்பொறியின் ஓசை கேட்கிறது. தன்னையே யாரோ எழுதிக்கொண்டிருப்பதாக அவள் உணர்கிறாள். மனிதரின் முடிவை முன்பே அறிந்தவர் ஒருவர் உண்டு என்ற நம்பிக்கைதான் அவரது நாவல்களிலும் அப்படியே இறங்கியிருக்கிறது.

கடற்கரை வீதி:
ஐயா கூறிய தகவல்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எல்லாவற்றையும் மதத்தில் கொண்டுபோய்க் கட்டுவதை ஏற்க முடியவில்லை. அவர் முதலில் கவிஞர். 1947இல் ‘பொயட்ரி ரிவியூ’ என்ற கவிதை இதழின் ஆசிரியரானவர். சொற்சிக்கனம் அங்கிருந்து வந்தது. மேரி தீக்குள் இங்கும் அங்குமாக ஓடி இறப்பதை வாசித்த பின்னர், மை சிந்தியது யார் என்பது போன்ற அற்ப விடயங்களுக்கெல்லாம் பழி அவள் தலையில் விழும்போது, சிரித்துக்கொண்டிருந்த வாசகருக்குச் சுருக்கென்று தைக்கிறது. ‘என்ன நடக்கும்’ என்ற ஆவலைப் பறித்துவிட்டு, ‘இப்படியா நடத்துவார்கள்’ என்ற கூச்சத்தைத் தருகிறார். 1970இல் வந்த ‘த டிரைவர்ஸ் சீட்’டில் இதையே இன்னும் ஈவிரக்கமின்றிச் செய்கிறார், கதாநாயகி கொலையுண்டு கிடக்கப்போவது நமக்கு முன்பே தெரியும், கேள்வி அதற்கான காரணம் மட்டுமே.

நிலாவெளி ஆசிரியர் (ஓய்வு):
தம்பியின் வாதம் நன்று, இருப்பினும் அவருடைய ‘மெமெண்டோ மோரி’ நாவலில் முதியவர்களைத் தொலைபேசியில் அழைத்து ‘நீங்கள் இறக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்’ என்று சொல்லும் குரலை வெறும் சொற்சிக்கனமாக எப்படி விளக்குவீர்கள்? தங்கை, உரைக்கு நேரம் குறைவென்றால் புரோடியையும் இதையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.