5600ஜி கணினியில் கேம் திணறுகிறது, கார்ட் வாங்கித்தான் ஆகவேண்டுமா?

கடலோரம்06:
வணக்கம். போன மாதம் பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் சொல்லிக் கணினி ஒன்று பூட்டி எடுத்தேன். ப்ராசஸர் ரைசன் 5 5600ஜி, 8 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி. கிராஃபிக்ஸ் கார்ட் இல்லை, பிறகு பார்ப்போம் என்று விட்டாயிற்று. இதே சிப்பில் வலோரன்ட் கேம் 100 எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 100 படம்) மேலே ஓடும் வீடியோக்களைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டு வாங்கினேன், என்னுடையதில் 1080பியில் எல்லாவற்றையும் லோவில் வைத்தும் 60, 70தான் வருகிறது, ஸ்மோக் போட்டு நாலு பேர் ஒரே இடத்தில் அடிபட்டால் 40க்கு விழுந்து படம் வெட்டி வெட்டி ஓடுகிறது. இருபது நிமிடம் விளையாடினால் இன்னும் மோசம். டிரைவர் புதிது, விண்டோஸ் புதிது. கடையில் கேட்டால் "கார்ட் போடுங்கள் தம்பி" என்கிறார்கள். அம்மாவிடம் திரும்பக் காசு கேட்க எனக்கு முகம் இல்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்:
மச்சான், கார்ட் இல்லாமல் கேம் விளையாடுவது வலை இல்லாமல் மீன் பிடிக்கப் போவது மாதிரி. பாவித்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஒன்று தேடி எடு, வேலை முடிந்தது.

பழைய_மதர்போட்:
தம்பி, பொறு, காசை எடுக்காதே. அந்த 8 ஜிபி ஒற்றை ஸ்டிக்கா, இரண்டு 4 ஜிபியா? டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்துக்குப் போய் எத்தனை ஸ்லொட் பாவனையில் இருக்கிறது, வேகம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்.

ஏன் கேட்கிறேன் என்றால், 5600ஜியின் உள்ளே இருக்கும் வேகா கிராஃபிக்ஸுக்குச் சொந்தமாக மெமரி கிடையாது, உன் ரேமில்தான் அதுவும் சாப்பிடுகிறது. டிடிஆர்4 3200 வேக ரேமில் ஒரு ஸ்டிக் என்றால் நொடிக்கு 25.6 ஜிபிதான் போக்குவரத்து, இரண்டு ஸ்டிக் சோடியாக ஓடினால் 51.2. கொழும்பு காலி வீதியில் ஒரு லேனை மூடிவிட்டு ஏன் பஸ் வரவில்லை என்று கேட்கிற கதைதான் இது. இன்னொன்று, 3200 என்று பெட்டியில் அடித்திருந்தாலும் பயோஸில் (கணினியைப் போட்டவுடன் போகக்கூடிய அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது பெட்டியில் சொன்ன வேகத்தில் ரேமை ஓட்டும் அமைப்பைப் போடாவிட்டால் பல ஸ்டிக்குகள் 2400இலோ 2666இலோதான் ஓடும். கடைகளில் பாதிப்பேர் அதைத் தொடுவதே இல்லை.

கொட்டாஞ்சேனை சொன்ன 6500 எக்ஸ்டி இந்தச் சிப்புக்குக் கடைசித் தெரிவாக இருக்கட்டும். அந்தக் கார்டுக்கு பிசிஐ லேன் (கார்டும் ப்ராசஸரும் தரவு பரிமாறும் பாதை) நாலே நாலுதான், 5600ஜியோ வேகம் குறைந்த பழைய பிசிஐ 3.0 மட்டும்தான் கொடுக்கும், இரண்டும் சேரும்போது கார்ட் மூச்சு முட்டும். பிறகு வாங்குவதானால் 6600 மாதிரி எட்டு லேன் உள்ளதாகப் பார்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
லேன் விசயம் எனக்குத் தெரியாது அண்ணா. சரி, வாயை மூடுகிறேன் 😄

கடலோரம்06:
அண்ணா, பார்த்தேன். 2 ஸ்லொட்டில் 1தான் பாவனையில், வேகம் 2400! அதோடு 8 ஜிபி என்று சொல்லித் தந்தார்கள், விண்டோஸில் 7.4 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பழைய_மதர்போட்:
ஏமாற்றவில்லை, குறைவது கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கிய பங்கு. அதைப் பயோஸில் 2 ஜிபியாகக் கூட்டச் சொல்லி வீடியோக்கள் சொல்லும், மொத்தம் 8 இருக்கும்போது செய்யாதே, விண்டோஸுக்கு 6தான் மிஞ்சும், வெட்டு கூடும். இன்னொரு 8 ஜிபி எடு. முடிந்தால் அதே மொடல், இல்லாவிட்டால் அதே வேகம். இரண்டில் மெதுவானது எதுவோ அந்த வேகத்தில்தான் இரண்டும் ஓடும். பழையதைக் கழற்றிக் கையோடு யுனிட்டி பிளாசா கணினிக் கடைகளுக்குக் கொண்டுபோனால் ஸ்டிக்கரைப் பார்த்தே எடுத்துத் தருவார்கள்.

தூசுதட்டி:
இருபது நிமிடத்துக்குப் பிறகு மோசமாவது ரேமால் இல்லை தம்பி, அது சூடு. சூடு காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் போட்டு ஒரு மேட்ச் விளையாடி ப்ராசஸர் சூட்டைப் பார். 95 பாகையைத் தொட்டால் அந்தச் சிப் தானாகவே வேகத்தைக் குறைக்கும். கேஸை எங்கே வைத்திருக்கிறாய்? மேசைக்குக் கீழே பெட்டிக்குள் தள்ளி, பின்பக்கம் சுவரோடு ஒட்டியா? எங்கள் வெள்ளவத்தை வீட்டில் அப்படித்தான் இருந்தது, வெளியே 31 என்றால் பெட்டிக்குள் அடுப்படி.

கூலரைக் கழற்றுவதென்றால் முதலில் பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு கரண்டை நிறுத்து, மெதுவாக இடமும் வலமும் திருகிப் பிறகு தூக்கு. நேரே இழுத்தால் நடுவில் சூடு கடத்தப் பூசிய பேஸ்ட் காய்ந்து ப்ராசஸரையும் சொக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளைந்தால் பிறகு ஊசியும் பூதக்கண்ணாடியும்தான். எனக்கு ஒருமுறை நடந்தது, அந்த இரவைப் பற்றிக் கதைக்க விரும்பவில்லை.

கடலோரம்06:
எல்லோருக்கும் நன்றி, வேலை முடிந்தது, கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன்.

சூடு 94 காட்டியது. கேஸைத் திறந்தால் கூலரின் நாலு திருகில் ஒன்று சும்மா நின்றது, விரலால் தொட்டாலே சுற்றியது. பேஸ்ட் ஒரு மூலையில் பிதுங்கி, எதிர் மூலை வெறுமையாகக் கிடந்தது. தூசுதட்டி அண்ணா சொன்னபடி திருகிக் கழற்றித் துடைத்து, புதிதாகப் பூசி, குறுக்குக் குறுக்காக இறுக்கினேன். கேஸையும் பெட்டிக்குள்ளிருந்து வெளியே எடுத்தேன். இப்போது 76ஐத் தாண்டவில்லை.

ரேம் பாவித்தது ஒன்று கிடைத்தது. போட்டதும் திரை வரவேயில்லை, ஃபேன் மட்டும் சுற்றியது, உயிரே போய்விட்டது. பழைய_மதர்போட் அண்ணாவுக்குத் தனிமடல் போட்டேன், "இரண்டையும் கழற்றித் திரும்ப அமுக்கு, கிளிக் என்று கேட்கவேண்டும்" என்றார். ஒரு பக்கக் கொளுக்கி சரியாக விழாமல் இருந்திருக்கிறது. எக்ஸ்எம்பியும் போட்டாயிற்று, 3200. வலோரன்ட் 120க்கும் 130க்கும் நடுவில் நிற்கிறது, ஸ்மோக்கிலும் 90க்குக் கீழே போகவில்லை.

ஒரே குறை, திரை 75 ஹெர்ட்ஸ்தான், நொடிக்கு 75 படம்தான் காட்டும்.

பழைய_மதர்போட்:
விண்டோஸில் 75ஐத் தெரிவு செய்தாயா, இன்னும் 60இல் கிடக்கிறதா?

கடலோரம்06:
...60இல் கிடந்தது.